திட்ட விலக்கம்: கணக்கு வருகிறது, பொருள் பிடிபடவில்லை என்பவருக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30, 34, 40, 44, 52 என்று ஐந்து எண்கள். திட்ட விலக்கம் காணச் சொன்னார்கள். கையால் போட்டால் 7.69 வருகிறது, கால்குலேட்டர் 8.60 காட்டுகிறது. எது சரி? அதைவிட முக்கியமாக, இந்த எண் எதைத்தான் சொல்கிறது, விலகலை எல்லாம் ஏன் வர்க்கப்படுத்திவிட்டு கடைசியில் மறுபடியும் வர்க்கமூலம் எடுக்கிறோம்?

இரண்டு விடையும் சரிதான். அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அதற்கு வருவதற்கு முன்னால் இரண்டாவது பாதியை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் முதல் பாதி தானாக அவிழும்.

அந்த ஐந்து எண்களையும் பயண நேரமாக நினைத்துக்கொள்ளுங்கள், நிமிடக் கணக்கில். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில் ஐந்து நாள் போய்ப் பார்த்ததில் 38, 39, 40, 41, 42 நிமிடம் ஆனது. இரண்டாம் வழியில் 30, 34, 40, 44, 52. இரண்டுக்கும் சராசரி 40தான், கூட்டிப் பாருங்கள், இரண்டும் 200. ஆனால் 45 நிமிடத்தில் ரயில் கிளம்பிவிடும் என்றால் எந்த வழியில் போவீர்கள்? யோசிக்கவே வேண்டாம், முதல் வழிதான். சராசரி இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது, உங்கள் மனம் வேறாகப் பார்க்கிறது. மனம் பார்த்த அந்த வித்தியாசத்தை ஒரே எண்ணாக எழுதும் முயற்சிதான் திட்ட விலக்கம். இலங்கைப் பாடநூல்களில் இதையே நியம விலகல் என்பார்கள், பொருள் ஒன்றுதான்.

சரி, அந்த வித்தியாசத்தை எப்படி அளப்பது? முதலில் தோன்றுவது வீச்சு, அதாவது பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது. முதல் வழிக்கு 4, இரண்டாம் வழிக்கு 22. கெட்ட அளவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓரத்தில் இருக்கும் இரண்டு எண்களை மட்டும்தான் அது பார்க்கிறது, நடுவில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. எல்லா எண்களையும் கேட்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வழிக்கு அந்த விலகல்கள் -10, -6, 0, +4, +12. இவற்றின் சராசரியை எடுத்துவிடலாமே என்று கூட்டினால் பூச்சியம் வந்து நிற்கிறது. எந்தத் தரவை எடுத்தாலும் பூச்சியம்தான் வரும், ஏனென்றால் சராசரி என்பதே மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சமமாகிற இடம், தராசின் நடு முள் மாதிரி. (இந்தப் பூச்சியத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.)

ஆக குறைக்குறியை எப்படியாவது போக்க வேண்டும். குறியை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு 10, 6, 0, 4, 12 என்று கூட்டினால் 32, ஐந்தால் வகுத்தால் 6.4. இதற்குச் சராசரி விலக்கம் என்று பெயர், நேர்மையான அளவு, புரிவதற்கும் எளிது. இன்னொரு வழி வர்க்கப்படுத்துவது: 100, 36, 0, 16, 144. கூட்டினால் 296. ஐந்தால் வகுத்தால் 59.2. இதைப் பள்ளிப் பாடநூல் விலக்க வர்க்கச் சராசரி என்கிறது, புழக்கத்தில் வேரியன்ஸ். ஆனால் நிமிடத்தை வர்க்கப்படுத்திவிட்டதால் இது 59.2 ‘சதுர நிமிடம்’, அதை யாராலும் கற்பனை செய்ய முடியாது. அதனால் வர்க்கமூலம் எடுத்து நிமிடத்துக்கே திரும்புகிறோம்: √59.2 = 7.69 நிமிடம். கடைசிப் படி இதற்காகத்தான், எந்த அலகில் தொடங்கினோமோ அந்த அலகுக்கே வந்து சேர. முதல் வழிக்கும் போட்டுப் பாருங்கள், விலகல்கள் -2, -1, 0, 1, 2, வர்க்கங்களின் கூட்டல் 10, ஐந்தால் வகுத்தால் 2, மூலம் 1.41 நிமிடம்.

இப்போது படிக்கலாம்: முதல் வழியில் ஒரு நாள் பயணம் 40 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் முன்னே பின்னே இருக்கும், இரண்டாம் வழியில் ஏழெட்டு நிமிடம் இருக்கும். திட்ட விலக்கத்தை எப்போது பார்த்தாலும் அலகோடு சேர்த்தே படியுங்கள். வெறும் 7.69 என்று எழுதிவிட்டுப் போகிற பழக்கம்தான் இதைப் பொருளில்லாத எண்ணாக மாற்றுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் உங்கள் ‘ஏன் வர்க்கம்?’ கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. குறைக்குறியைப் போக்க என்று சொல்லி நிறுத்திவிடுவது அரைப் பதில். குறியை அப்படியே விட்டெறிந்தாலும் அதே வேலை ஆகிறதே, 6.4 வந்ததே, அது போதாதா? உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

பயணம் இரண்டு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியின் திட்ட விலக்கம் 3 நிமிடம், இரண்டாம் பகுதியின் திட்ட விலக்கம் 4 நிமிடம், ஒன்றில் தாமதமாவதற்கும் மற்றதில் தாமதமாவதற்கும் தொடர்பு கிடையாது. மொத்தப் பயணத்தின் திட்ட விலக்கம் எவ்வளவு? 7 என்று கை தானாக எழுதும். விடை 5. ஏனென்றால் முதல் பகுதியில் தாமதமான நாளில் இரண்டாம் பகுதி சீக்கிரம் முடிந்திருக்கலாம், ஒன்றை ஒன்று கொஞ்சம் சரிக்கட்டிவிடும். வர்க்கங்கள்தான் கூடும்: 9 + 16 = 25, மூலம் 5. செங்கோண முக்கோணத்தில் 3, 4, 5 என்று படித்தோமே, அதே பித்தாகரஸ் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். இது தற்செயல் இல்லை. தொடர்பில்லாத இரண்டு ஏற்ற இறக்கங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகள் மாதிரி நடந்துகொள்கின்றன, திட்ட விலக்கம் அந்த வெளியில் ஒரு தூரம். சராசரி விலக்கத்துக்கு இந்தக் குணம் இல்லை, இரண்டு பகுதியின் சராசரி விலக்கம் தெரிந்தாலும் மொத்தத்தின் சராசரி விலக்கத்தைப் பொதுவாகச் சொல்ல முடியாது. அளவீட்டுப் பிழை, மாதிரி ஆய்வு, தரக்கட்டுப்பாடு எல்லாமே பல சிறு ஏற்ற இறக்கங்களைக் கூட்டுகிற வேலைதான் என்பதால், கூட்டுவதற்கு இணங்குகிற அளவு ஜெயித்துவிட்டது. (இரண்டு பகுதியும் ஒரே காரணத்தால் சேர்ந்தே தாமதமாகி, ஒன்று எவ்வளவு நகர்ந்தால் மற்றதும் அதே விகிதத்தில் நகரும் என்றால், அப்போது 7தான். தொடர்பில்லை என்ற நிபந்தனையை மறந்துவிட்டு 5 என்று எழுதுவதும் தப்பு.)

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது உங்கள் கால்குலேட்டர் குழப்பத்துக்கு நேராகக் கூட்டிப் போகும். 40க்குப் பதிலாக வேறு ஏதாவது ஒரு எண்ணிலிருந்து விலகல்களை அளந்து பாருங்கள். 42 என்று வைத்தால் விலகல்கள் -12, -8, -2, 2, 10, வர்க்கங்கள் 144 + 64 + 4 + 4 + 100 = 316. 40இலிருந்து அளந்தபோது 296. எந்த எண்ணை வைத்தாலும் 296க்குக் கீழே போகாது, சராசரிதான் வர்க்கங்களின் கூட்டலை மிகக் குறைவாக ஆக்குகிற இடம். கூடுதலாக வந்த 20ஐக் கவனித்தீர்களா, அது 5 × 2², அதாவது எண்ணிக்கை பெருக்கல் நாம் நகர்ந்த தூரத்தின் வர்க்கம். எப்போதும் இப்படியே வரும். குறியை எறிந்துவிட்டுக் கூட்டுகிற முறைக்கு மிகக் குறைவான இடம் சராசரி அல்ல, இடைநிலை அளவு, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. ஆக சராசரிக்கு இயல்பான ஜோடி திட்ட விலக்கம், இடைநிலை அளவுக்கு இயல்பான ஜோடி குறி நீக்கிய விலக்கம்.

இப்போது 7.69ஆ, 8.60ஆ என்ற கேள்வி. 296ஐ ஐந்தால் வகுத்தால் 59.2, மூலம் 7.69. நான்கால் வகுத்தால் 74, மூலம் 8.60. கால்குலேட்டர் நான்கால் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பது ஏன்?

உங்களிடம் இருக்கும் ஐந்து எண்கள்தான் முழு உலகம் என்றால், அதாவது அந்த ஐந்து நாட்களைப் பற்றி மட்டும்தான் பேசுகிறீர்கள் என்றால், ஐந்தால் வகுங்கள், பிரச்சினை இல்லை. ஆனால் பெரும்பாலும் நாம் அந்த ஐந்து நாட்களைப் பற்றி அறிய விரும்புவதில்லை, அந்த வழியைப் பற்றி அறிய விரும்புகிறோம், நாளைக்கும் அடுத்த மாதத்துக்கும் அது எப்படி இருக்கும் என்று. ஐந்து நாள் வெறும் மாதிரி. அந்த வழியின் உண்மையான சராசரி 40ஆக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை, 41.3ஆக இருக்கலாம், 38ஆக இருக்கலாம். நாமோ நம் ஐந்து எண்களிலிருந்தே எடுத்த 40இலிருந்து விலகலை அளந்தோம். மேலே பார்த்தபடி, வர்க்கங்களின் கூட்டலை மிகக் குறைவாக்குகிற எண் அதுதான். உண்மையான சராசரியிலிருந்து அளந்திருந்தால் கூட்டல் 296 அல்லது அதற்கு மேல்தான் வந்திருக்கும், ஒருபோதும் குறைந்திருக்காது. அதாவது நம் அளவு எப்போதும் ஒரே பக்கமாக, சின்னதாகவே தவறுகிறது. அதைச் சரிக்கட்டத்தான் சின்ன எண்ணால் வகுக்கிறோம்.

சரி, ஏன் துல்லியமாக ஒன்று? முழுமைத் தொகுதி வெறும் மூன்று எண்கள் என்று வையுங்கள்: 2, 4, 6. சராசரி 4, வேரியன்ஸ் (4 + 0 + 4) ÷ 3 = 2.67. இதுதான் கண்டுபிடிக்க வேண்டிய உண்மை. இதிலிருந்து இரண்டு எண்களை எடுக்கிறோம், எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். மொத்தம் ஒன்பது விதமாக எடுக்கலாம். ஒரே எண் இரண்டு தடவை வருவது மூன்று விதம், அவற்றில் வர்க்கங்களின் கூட்டல் 0. 2உம் 4உம், அல்லது 4உம் 6உம், முன்பின்னாக நான்கு விதம், ஒவ்வொன்றிலும் மாதிரியின் சராசரியிலிருந்து விலகல்கள் -1, +1, ஆக கூட்டல் 2. 2உம் 6உம் இரண்டு விதம், விலகல்கள் -2, +2, கூட்டல் 8. ஒன்பதையும் சேர்த்தால் 0 + 8 + 16 = 24. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டால் வகுத்து, ஒன்பது விடைகளுக்கும் சராசரி எடுத்தால் 12 ÷ 9 = 1.33, உண்மையான 2.67இல் சரிபாதி. இரண்டுக்குப் பதில் ஒன்றால் வகுத்தால் 24 ÷ 9 = 2.67. உண்மையை அப்படியே பிடித்துவிட்டது. காகிதத்தில் ஒரு தடவை நீங்களே எழுதிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை, அப்புறம் இந்த ‘ஒன்று’ மறக்கவே மறக்காது. நிரூபணம் படித்தபோது எனக்குக் கிடைக்காத நம்பிக்கை இந்தச் சின்ன அட்டவணையில்தான் கிடைத்தது.

இன்னொரு விதமாகவும் சொல்வார்கள்: விலகல்கள் கூடினால் பூச்சியம் என்று முன்பே பார்த்தோம் அல்லவா, அதனால் நான்கு விலகல் தெரிந்தால் ஐந்தாவது தானாகவே தீர்ந்துவிடும், அதற்குச் சுதந்திரம் இல்லை. ஐந்து எண் இருந்தாலும் சுதந்திரமான தகவல் நான்குதான். இந்தத் திருத்தத்துக்கு வானியலாளர் பெஸ்ஸல் பெயரை வைத்திருக்கிறார்கள், ஆனால் கணிதவியலாளர் காஸ் 1823லேயே இதை எழுதிவிட்டார். அப்புறம் ஒரு நேர்மையான பின்குறிப்பு: ஒன்று குறைத்து வகுப்பதால் வேரியன்ஸ்தான் சராசரியில் சரியாக வருகிறது, வர்க்கமூலம் எடுத்த பிறகு வரும் திட்ட விலக்கம் இன்னும் கொஞ்சம் சின்னதாகவே இருக்கும். அதே ஒன்பது மாதிரிகளின் திட்ட விலக்கங்களுக்குச் சராசரி எடுத்தால் 1.26, உண்மையோ 1.63. மாதிரி இவ்வளவு சின்னதாக இருக்கும்போதுதான் இவ்வளவு இடைவெளி, எண்ணிக்கை ஏற ஏற அது கரைந்துவிடும். நூறு எண்கள் இருக்கும்போது நூறால் வகுத்தாலும் தொண்ணூற்றொன்பதால் வகுத்தாலும் விடையில் அரை சதவீதம்தான் மாறும்.

கருவிகளைப் பொறுத்தவரை இதைக் கவனித்தே ஆக வேண்டும். பழைய கால்குலேட்டர்களில் திட்ட விலக்கத்தின் குறியான சிக்மாவுக்குக் கீழே ‘என்’ என்றும் ‘என் மைனஸ் ஒன்று’ என்றும் இரண்டு பொத்தான் இருக்கும், புதியவற்றில் சிக்மா எக்ஸ், எஸ் எக்ஸ் என்று காட்டும். சிக்மா மட்டும் என்றால் எண்ணிக்கையால் வகுத்தது, எஸ் என்றால் ஒன்று குறைத்தது. எக்செலில் எஸ்டிடெவ்.பி முழுத் தொகுதிக்கு, எஸ்டிடெவ்.எஸ் மாதிரிக்கு. பைத்தான் எழுதுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது: நம்பை என்ற நிரல் தொகுப்பு தானாக எண்ணிக்கையால் வகுக்கும், பாண்டாஸ் என்ற தொகுப்பு தானாக ஒன்று குறைத்து வகுக்கும். ஒரே தரவு, ஒரே பெயருள்ள கட்டளை, இரண்டு விடை. ஒரு அறிக்கையில் இரண்டு பக்கத்தில் இரண்டு எண் வந்து, தரவில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன். தரவு சுத்தமாகத்தான் இருந்தது. தேர்வில் எதைப் போடுவது என்றால், கேள்வியில் ‘மாதிரி’ அல்லது ‘கூறு’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிப் பத்தாம் வகுப்புக் கணக்கில் பொதுவாக எண்ணிக்கையால் வகுப்பதுதான் முறை.

கணக்கிடும் முறைகளில் ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ‘வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழி’ என்ற சூத்திரம். நம் எண்களுக்கு: 900 + 1156 + 1600 + 1936 + 2704 = 8296, ஐந்தால் வகுத்தால் 1659.2, அதில் 40² = 1600 போனால் 59.2. அழகாக வருகிறது. ஆனால் இதை 100, 101, 103 என்ற மூன்று எண்ணுக்குப் போடுங்கள். சராசரி 101.333..., வர்க்கங்களின் சராசரி 10270. சராசரியை 101.3 என்று சுருக்கி எழுதிக்கொண்டால் அதன் வர்க்கம் 10261.69, கழித்தால் 8.31, திட்ட விலக்கம் 2.88. சரியான விடையோ 1.25! இரண்டு தசம இடம் வைத்து 101.33 என்று எழுதினாலும் 1.49தான் வருகிறது. பெரிய இரண்டு எண்களைக் கழித்துச் சின்ன எண்ணைப் பிடிக்கிறோம், அதனால் சராசரியில் விட்ட துளிப் பிழை விடையில் பெரிதாக வீங்குகிறது. அதே 101.3ஐ வைத்து நேரடியாக விலகல் எடுத்துப் போட்டால் -1.3, -0.3, 1.7, வர்க்கங்கள் கூடி 4.67, மூன்றால் வகுத்து மூலம் எடுத்தால் 1.25, ஒன்றும் கெடவில்லை.

இதற்கு மருந்து ஊகச் சராசரி முறையில் இருக்கிறது. எல்லா எண்ணிலிருந்தும் 100ஐக் கழித்துவிடுங்கள்: 0, 1, 3. வர்க்கங்களின் சராசரி 10/3, சராசரி 4/3, அதன் வர்க்கம் 16/9. 30/9 - 16/9 = 14/9, மூலம் 1.25. பாடநூலில் ஊகச் சராசரி முறையை ஏதோ தனி முறை மாதிரி மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அதன் பின்னால் இருப்பது ஒரே ஒரு எளிய உண்மை: எல்லா எண்ணோடும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் பரவல் மாறாது. மூன்று பேரும் ஒரே திசையில் பத்துப் பத்து அடி நகர்ந்து நின்றால் அவர்களுக்கு இடையில் உள்ள தூரம் மாறுமா? ஆனால் எல்லா எண்ணையும் மூன்றால் பெருக்கினால் திட்ட விலக்கமும் மூன்று மடங்கு ஆகும், வேரியன்ஸ் ஒன்பது மடங்கு ஆகும். படி விலக்க முறை என்பது இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான். கணினியிலும் இதே சிக்கல் உண்டு, அதனால்தான் வெல்ஃபோர்ட் 1962இல் வெளியிட்ட முறையில், எண்கள் ஒவ்வொன்றாக வர வர சராசரியையும் விலகல் கூட்டலையும் புதுப்பித்துக்கொண்டே போவார்கள், பெரிய வர்க்கக் கூட்டல்களைக் கழிக்கும் கட்டமே வராது.

நிகழ்வெண் அட்டவணை வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு விலகல் வர்க்கத்தையும் அது எத்தனை தடவை வருகிறதோ அத்தனையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். வகுப்பு இடைவெளி கொடுத்திருந்தால் நடுமதிப்பை எடுங்கள். அவ்வளவே.

இனி பொருள் கொள்வதில் நடக்கும் தப்புகள். ‘68, 95, 99.7’ என்ற மூன்று எண்களை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 சதவீதம், இரண்டுக்குள் 95, மூன்றுக்குள் 99.7. இது மணி வடிவ இயல்நிலைப் பரவலுக்கு மட்டும்தான் பொருந்தும். தரவு ஒரு பக்கம் நீண்டு வாலிட்டிருந்தால், வருமானம் மாதிரி, காத்திருக்கும் நேரம் மாதிரி, இந்த எண்களை நம்பாதீர்கள். எந்தத் தரவாக இருந்தாலும் பொருந்துகிற உத்தரவாதம் ஒன்று உண்டு, செபிஷேவ் சமனின்மை: இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75 சதவீதம், மூன்றுக்குள் குறைந்தது 88.9 சதவீதம் இருந்தே தீரும். 95க்கும் 75க்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ‘இயல்நிலைப் பரவல்’ என்ற அனுமானத்தின் விலை.

அப்புறம், விலகி நிற்கும் எண்களைப் பிடிக்க ‘மூன்று சிக்மாவைத் தாண்டினால் தூக்கி எறி’ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. நம் ஐந்து எண்ணில் 52ஐ 102 என்று தவறாகத் தட்டிவிட்டோம் என்று வையுங்கள். சராசரி 50க்கு ஏறிவிடும், விலகல்கள் -20, -16, -10, -6, +52, வர்க்கங்களின் கூட்டல் 3496, திட்ட விலக்கம் 26.4. அந்த 102 சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது? 52 ÷ 26.4, இரண்டுகூட இல்லை! 1002 என்று தட்டியிருந்தாலும் இரண்டைத் தாண்டாது, ஐந்து எண்கள் மட்டும் இருந்தால் தாண்டவே முடியாது, கணக்கு அனுமதிக்காது. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து மூலம் எடுத்தால் வருவதுதான் உச்ச வரம்பு, ஐந்துக்கு √4 = 2, பத்துக்கு √9 = 3. ஆகவே பத்து எண்களை வைத்துக்கொண்டு மூன்று சிக்மா விதியால் பிழையைத் தேடுபவர் எந்தப் பிழையையும் பிடிக்க மாட்டார். விலகி நிற்கும் எண்ணே திட்ட விலக்கத்தை இழுத்துப் பெரிதாக்கி அதன் நிழலில் ஒளிந்துகொள்கிறது; அந்த 3496இல் 2704 அந்த ஒரே எண்ணுடையது. சின்னத் தரவு என்றால் எண்களை ஒரு கோட்டில் புள்ளி புள்ளியாக வைத்துக் கண்ணால் பாருங்கள், அதைவிட நல்ல வழி இல்லை.

இந்தப் பலவீனத்தைப் பற்றிய சண்டை பழையது. ‘திட்ட விலக்கம்’ என்பதன் ஆங்கிலப் பெயரைக் கார்ல் பியர்சன் 1893இல் ஒரு உரையில் பயன்படுத்தி 1894இல் அச்சில் கொண்டுவந்தார், சிக்மா குறியும் அவருடையதே. ‘வேரியன்ஸ்’ என்ற சொல் புள்ளியியலாளர் ஃபிஷருடையது, 1918. வானியலாளர் எடிங்டன், நடைமுறையில் சராசரி விலக்கமே மேல் என்று 1914இல் எழுதினார். ஃபிஷர் 1920இல் பதில் சொன்னார்: தரவு இயல்நிலைப் பரவலில் இருந்தால் சராசரி விலக்கத்தால் அதே துல்லியத்தை எட்ட ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல் அளவீடுகள் வேண்டும். ஃபிஷர் கணக்கு சரி, பாடநூல்கள் அவர் பக்கம் சாய்ந்தன. ஆனால் 1960இல் புள்ளியியலாளர் டூக்கி காட்டியது என்னவென்றால், ஆயிரத்தில் இரண்டு அளவீடுகள் மூன்று மடங்கு பரவலுள்ள வேறு மூலத்திலிருந்து கலந்தாலே போதும், அந்த 14 சதவீத லாபம் கரைந்துவிடும். நிஜத் தரவு அவ்வளவு சுத்தமாக எங்கே வருகிறது? அதனால் கூட்டல் கணக்குக்கும் கோட்பாட்டுக்கும் திட்ட விலக்கம், அழுக்குத் தரவை முதலில் பார்க்க இடைநிலை அளவும் கால்மான வீச்சும் (நடுவில் இருக்கும் பாதி எண்களின் வீச்சு) என்று இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

திட்டப் பிழையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் பயணம் எவ்வளவு ஆடும் என்பதற்குத் திட்ட விலக்கம், நம் கணக்கில் 8.60 நிமிடம். நாம் சொன்ன ‘சராசரி 40’ எவ்வளவு ஆடும் என்பதற்குத் திட்டப் பிழை, 8.60 ÷ √5 = 3.85 நிமிடம். இன்னும் நிறைய நாள் அளந்தால் இரண்டாவது சுருங்கிக்கொண்டே போகும், முதலாவது சுருங்காது, ஏனென்றால் அது அந்த வழியின் குணம். வரைபடங்களில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது, சின்னதாகத் தெரியும் என்பதற்காகவே திட்டப் பிழையைப் போடுபவர்களும் உண்டு.

இரண்டு குழுவைச் சேர்க்கும்போது திட்ட விலக்கங்களுக்குச் சராசரி எடுக்காதீர்கள். சம எண்ணிக்கையுள்ள இரண்டு குழு, ஒவ்வொன்றிலும் திட்ட விலக்கம் 2, ஆனால் சராசரி ஒன்றுக்கு 30, மற்றதற்கு 50 என்றால் சேர்த்த தொகுதியின் திட்ட விலக்கம் √(4 + 100) = 10.2. இரண்டு கூட்டமும் தனித்தனியாக நெருக்கமாக நிற்கின்றன, ஆனால் இரண்டுக்கும் நடுவே பெரிய வெளி இருக்கிறது, அந்த வெளியும் பரவல்தான்.

வேறு வேறு அலகில் உள்ளவற்றை ஒப்பிட மாறுபாட்டுக் கெழு, திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. நம் இரண்டாம் வழிக்கு 7.69 ÷ 40, அதாவது 19 சதவீதம். பூச்சியம் என்றால் உண்மையிலேயே ‘ஒன்றும் இல்லை’ என்று பொருள்படுகிற அளவுகளுக்கு மட்டும் இதைப் போடுங்கள். செல்சியஸ் வெப்பநிலைக்குப் போட்டால் அபத்தம், அதே வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் கெழு வேறாகிவிடும்.

பயிற்சிக்கு ஒன்று: 5, 5, 5, 5, 5 என்ற தரவுக்குத் திட்ட விலக்கம் என்ன என்று சூத்திரம் தொடாமல் சொல்லுங்கள். அடுத்து 0, 0, 10, 10. சராசரி 5, எல்லா எண்ணும் அதிலிருந்து சரியாக 5 தள்ளி நிற்கிறது, ஆக எண்ணிக்கையால் வகுத்தால் திட்ட விலக்கம் 5, சராசரி விலக்கமும் 5. எல்லா விலகலும் ஒரே அளவாக இருந்தால் மட்டும்தான் இரண்டும் ஒன்றாக வரும், மற்ற எப்போதும் திட்ட விலக்கமே பெரிது. நம் ஐந்து எண்ணுக்கு 7.69உம் 6.4உம் வந்ததே, அந்த இடைவெளி 12உம் 10உம் தங்கள் பங்குக்கு மேல் பேசியதால் வந்தது.